மூன்றாவது விமானமாவது பறக்க: மேலூர் மாணவருக்கு ஒரு பதில்

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். வீடியோ பார்த்துத் தெர்மோகோலில் இரண்டு ரேடியோ கன்ட்ரோல் விமானம் செய்தாராம். இரண்டுமே கையை விட்டதும் இடது பக்கம் சாய்ந்து பத்து விநாடிக்குள் தரையில் குத்திவிட்டன. இறக்கை முனைக்கு முனை 90 செ.மீ., அகலம் 15 செ.மீ., பேட்டரியோடு எடை 950 கிராம். 2200 கேவி (மோட்டாரின் சுற்று வேகத்தைக் காட்டும் எண்) மோட்டார், 6 அங்குல புரொப்பெல்லர், இறக்கையில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற அசையும் பட்டை) வைத்த நான்கு சேனல், அதாவது நான்கு தனித்தனிக் கட்டளை, உள்ள அமைப்பு. இன்னும் பெரிய மோட்டார் போடலாமா, இல்லை ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாமா, மதுரைப் பக்கம் எங்கே பறக்கவிட்டால் பிரச்சினை வராது என்பது அவருடைய கேள்விகள்.

தம்பி, அளவையும் எடையையும் சேர்த்து எழுதினீர்களே, அது ரொம்ப நல்லது. 'பறக்க மாட்டேங்குது' என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்கள் எண்களிலேயே காரணம் தெரிகிறது. பெரிய மோட்டார் வேண்டாம். அது இதே விபத்தை இன்னும் வேகமாக நடத்திக் காட்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 90 × 15 என்றால் 1350 சதுர செ.மீ. நூறு சதுர செ.மீ. ஒரு சதுர டெசிமீட்டர், ஆக உங்கள் இறக்கை 13.5 சதுர டெசிமீட்டர். 950 கிராமை அதால் வகுத்தால் ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 70 கிராம் சுமக்கிறது. இதைத்தான் இறக்கைச் சுமை என்கிறோம். கற்றுக்கொள்கிற விமானத்துக்கு இது 25-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும். 70 என்பது கை நன்றாகப் பழகியவர் ஓட்டுகிற வேக விமானத்தின் சுமை.

அந்தச் சுமையால் என்ன நடக்கிறது? எந்த இறக்கைக்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. அதற்குக் கீழே போனால் காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சட்டென்று விழும். இதுதான் ஸ்டால். நம் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி கொஞ்சம் குறைவு என்பதையும் சேர்த்தால், உங்கள் விமானத்துக்கு அந்த வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கையால் எறிந்தால் ஒரு கிலோ எடையுள்ள பொருளுக்கு 25, 30 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. அதாவது உங்கள் கையை விட்ட நொடியிலேயே விமானம் ஸ்டாலில்தான் இருந்தது. ஒரு கணம்கூட அது உண்மையில் பறக்கவில்லை.

இடது பக்கமே ஏன் சாய்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் உங்கள் புரொப்பெல்லர் வலச்சுற்றாகச் சுற்றும். அதன் எதிர்விசை விமானத்தின் உடலை இடது பக்கம் திருகும். வேகம் இருந்தால் இறக்கை அதைத் தாங்கிக்கொள்ளும். வேகம் இல்லாதபோது முழு த்ராட்டில், அதாவது மோட்டாருக்கு முழு விசை, கொடுத்தால் திருகல்தான் ஜெயிக்கும். நீங்கள் பதறி ரிமோட்டின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளியிருப்பீர்கள். அப்போது இடது எய்லரான் கீழே இறங்கும். ஏற்கெனவே ஸ்டாலில் தவிக்கிற இடது இறக்கை முனைக்கு அது இன்னும் கேடு. காப்பாற்றக் கொடுத்த கட்டளையே கவிழ்த்துவிடும். உங்கள் விரல் மீது தப்பில்லை. இந்த அமைப்பில் யார் எறிந்திருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

புதிதாக ஓட்டுகிறவருக்கு வேண்டியது சக்தி இல்லை, நேரம். விமானம் சாய்வதைக் கண் பார்க்க வேண்டும், எந்தப் பக்கம் என்று புரிய வேண்டும், விரல் நகர வேண்டும், விமானம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். பழகியவருக்கு இது அரை நொடி வேலை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் பறக்கிற விமானம் மூன்று நொடியில் 50 மீட்டர் தாண்டிவிடும். பெரிய இறக்கை, குறைந்த எடை, இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு, விடிகாலைக் காற்று, நல்ல உயரம் என்று நான் கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்த மூன்று நொடியை உங்களுக்கு வாங்கித் தருகிற வழிகள்தான்.

சரி, மூன்றாவது விமானம். இறக்கை முனைக்கு முனை 120 செ.மீ., அகலம் 22 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 26.4 சதுர டெசிமீட்டர். மொத்த எடை 700 கிராமில் நிறுத்தினால் இறக்கைச் சுமை 27-ஐத் தாண்டாது, ஸ்டால் வேகமும் 24, 25 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். ஓங்கி எறியவே வேண்டாம், இரண்டடி ஓடி நேராகத் தள்ளிவிட்டால் போதும். இறக்கை உடம்புக்கு மேலே உட்காரட்டும். அப்படி வைத்தால் நிதானம் கூடும். எய்லரான் வேண்டாம். ரடர் (வாலில் இடம் வலம் திருப்புவது), எலிவேட்டர் (வாலில் மூக்கை ஏற்றி இறக்குவது), த்ராட்டில் என்று மூன்று சேனல் போதும். ரடர் சர்வோவை (ரடரை அசைக்கிற குட்டி மோட்டார்) ரிசீவரின் (விமானத்துக்குள் இருந்து கட்டளை வாங்கும் கருவி) முதல் சேனலில் செருகுங்கள். அப்போது வலது கைப்பக்க ஸ்டிக்கிலேயே திருப்புவதும் ஏற்றி இறக்குவதும் வரும். பிற்பாடு எய்லரான் விமானத்துக்குப் போனாலும் அதே விரல்தான் என்பதால் பழக்கம் மாறாது.

எய்லரான் இல்லாமல் திரும்ப வேண்டுமென்றால் இறக்கை ஆங்கில 'வி' வடிவில் மேல்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். இதை டைஹெட்ரல் என்பார்கள். நடுவில் மடித்து, ஒரு பாதியை மேசையில் படுக்கவைத்தால் மறுபாதியின் முனை மேசையிலிருந்து 12 செ.மீ. உயர்ந்திருக்கட்டும். இந்த மடிப்பு இருந்தால் ஸ்டிக்கை விட்டதும் விமானம் தானே நிமிரும். 'பயமா இருந்தா கையை எடு' என்று புதியவரிடம் தைரியமாகச் சொல்லக்கூடிய விமானம் இது ஒன்றுதான்.

இறக்கைக்கு 5 மி.மீ. டெப்ரான் (உதிராத, அடர்த்தியான தெர்மோகோல் வகை) ஷீட் கிடைத்தால் நல்லது. ஸ்டேஷனரிக் கடைத் தெர்மோகோல் உதிரும், ஆனாலும் பிரவுன் டேப்பைச் சுருக்கமில்லாமல் போர்த்தினால் தாங்கும். வெறும் தட்டை ஷீட்டாக விடாமல், மேல்பக்கம் முன்பாதியில் இன்னொரு அடுக்கு ஒட்டி நடுவில் ஒரு படி விட்டுப்பாருங்கள். 1970களில் ரிச்சர்ட் க்ளைன், ஃபிலாய்ட் ஃபோகல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் காகித விமானத்தில் பார்த்துக் காப்புரிமை வாங்கிய வடிவம் அது. பெரிய விமானங்களுக்குப் பயன்படவில்லை. நம் அளவில், நம் வேகத்தில், தட்டையான இறக்கையைவிட அமைதியாகப் பறக்கும், பலமும் கூடும். இறக்கைக்குள் நீளவாக்கில் ஒரு கார்பன் குழாயோ, நேரான மூங்கில் சிம்போ வையுங்கள். சன்பேக் ஷீட் (உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை) அடி தாங்கும், ஆனால் கனம். உடம்புக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், வாலுக்கு வேண்டாம். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் மூன்று நான்கு கிராம் ஈயம் கட்ட வேண்டிவரும். வாலின் படுக்கைப் பகுதி இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கட்டும். இறக்கையின் பின்விளிம்பிலிருந்து வால் வரை இரண்டரை மடங்கு இறக்கை அகலம், அதாவது 50, 55 செ.மீ. இடைவெளி விடுங்கள். ரடருக்கும் எலிவேட்டருக்கும் போகிற கம்பிக்குச் சைக்கிள் ஸ்போக்ஸ் பிரமாதமாக இருக்கும்.

ஒட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபெவிக்விக் மாதிரியான பசை தெர்மோகோலை அரித்துத் தின்றுவிடும், ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான். ஃபெவிகால் நல்லது, ஆனால் ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும். எல்லோரும் கையில் எடுப்பது ஹாட் க்ளூ. வீட்டுக்குள் அது கெட்டியாகப் பிடிக்கும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் இளகிவிடும். மோட்டார் உட்காரும் பலகையை வெறும் ஹாட் க்ளூவில் ஒட்டிவிட்டு மதுரை வெயிலுக்குக் கொண்டுபோவது ஆபத்து. மெல்லிய பிளைவுட் துண்டில் மோட்டாரை ஸ்க்ரூ போட்டு, அந்தத் துண்டை எபாக்ஸியால் ஒட்டி, மேலே ஃபைபர் டேப் சுற்றுங்கள்.

இப்போது மோட்டார். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாதபோது, மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்கிற எண். 2200 கேவி மோட்டார் 11.1 வோல்ட்டில் 24,000 சுற்றுக்கு மேல் போக நினைக்கும். அதனால் சின்ன புரொப்பெல்லர்தான் போட முடியும். கொஞ்சம் காற்றை ரொம்ப வேகமாகப் பின்னால் தள்ளும். வேக விமானத்துக்கு அது சரி. மெதுவான விமானத்துக்கு வேண்டியது நேர் எதிர்: நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது. டேபிள் ஃபேனுக்கும் சீலிங் ஃபேனுக்கும் உள்ள வித்தியாசம்தான். எல்லாக் கடையிலும் கிடைக்கிற 2212 அளவில் 1000 கேவி மோட்டாரும், 10 அங்குல விட்டமும் 4.5 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) உள்ள புரொப்பெல்லரும் போட்டால், மூன்று செல் (11.1 வோல்ட்) பேட்டரியில் சுமார் 800 கிராம் இழுவை கிடைக்கும். 700 கிராம் விமானத்துக்கு இது தாராளம். பாதி த்ராட்டிலிலேயே மிதக்கும். 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போதும். மோட்டாரைப் பொருத்தும்போது இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கியும் இரண்டு டிகிரி வலப்பக்கமாகவும் சாய்த்துப் பொருத்துங்கள். முன்னே சொன்ன இடப்பக்கத் திருகலை இது பாதி சரிக்கட்டிவிடும்.

பேட்டரியில் 2200 மில்லியாம்பியர்-மணி வேண்டாம், 1300 போதும். அறுபது எழுபது கிராம் அங்கேயே மிச்சம். எட்டுப் பத்து நிமிடம் பறக்கலாம், ஆரம்பத்தில் அதற்கு மேல் மனசும் கண்ணும் தாங்காது. மோட்டார், ஈஎஸ்சி, பேட்டரி, இரண்டு ஒன்பது கிராம் சர்வோ, ரிசீவர், வயர் எல்லாம் சேர்ந்து 260 கிராம் வரும். மிச்சம் 440 கிராமுக்குள் உடம்பும் இறக்கையும் முடிய வேண்டும். சமையலறைத் தராசைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன்னால் எடைபோடுங்கள். விமானம் முழுதாகக் கட்டி முடித்த பிறகு எடை குறைக்க முடியாது.

கட்டி முடித்ததும் மேசை மேலேயே செய்ய வேண்டிய வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம், நிறையப் பேர் அவசரப்படுவதும் அங்கேதான். முதலில் நேர்த்தி. வாலுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு இறக்கையும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 3, 4 மி.மீ. முறுக்கலே விமானத்தை எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் பழைய இறக்கைகளையும் இப்படி ஒருமுறை பாருங்கள், இடதுபக்கச் சாய்வுக்கு அதுவும் ஒரு கை கொடுத்திருக்கலாம். வாலை மட்டமாக வைத்துப் பார்க்கும்போது இறக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 7 மி.மீ. உயர்ந்திருக்கட்டும். அது இரண்டு டிகிரி.

அப்புறம் சிஜி, அதாவது எடை சமன்படும் புள்ளி. இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25-லிருந்து 30 சதவீதத்துக்குள் அது இருக்க வேண்டும். 22 செ.மீ. அகலத்துக்கு 5.5-லிருந்து 6.5 செ.மீ. முதல் நாளுக்கு 5.5-ஐ ஒட்டியே வையுங்கள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை அந்த இடத்தில் கொடுத்துத் தூக்கினால் மூக்கு சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள். அதனால்தான் பேட்டரி இடத்தை நீளமாக விட்டுக் கட்டச் சொல்கிறேன். மூக்கு கனமான விமானம் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமான விமானம் ஒவ்வொரு கட்டளைக்கும் துள்ளும், யோசிக்க நேரமே தராது.

டிரான்ஸ்மிட்டருக்கு, அதாவது கையில் பிடிக்கிற ரிமோட்டுக்கு, செலவு செய்யுங்கள். அது விமானத்தோடு விழாது, பல வருடம் கூடவே இருக்கும். ஆறு சேனல் ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஒன்று தாராளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால் தனி உரிமம் தேவையில்லை. தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்துவிடுங்கள். மோட்டாரில் புரொப்பெல்லர் இல்லாமல்தான் வீட்டுக்குள் எல்லாச் சோதனையும். இதில் சமரசமே கிடையாது. 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8000 சுற்றில் சுழலும்போது அதன் நுனி மணிக்கு 380 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. விரல் போனால் போனதுதான். பறக்கும்போது முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்து, த்ராட்டில் அடியில் இருக்கிறதா பார்த்து, அப்புறம் விமானத்தில் பேட்டரி. கழற்றும்போது முதலில் பேட்டரி.

லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3.5-க்குக் கீழே இறங்க விடக்கூடாது, ஒரு வாரம் சும்மா இருக்கப்போகிறதென்றால் 3.8-ல் நிறுத்தி வையுங்கள். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற அலாரத்தைச் செருகினால் வோல்ட் குறைந்ததும் கத்திச் சொல்லும். 1300 பேட்டரிக்கு 1.3 ஆம்பியரில், பேலன்ஸ் சார்ஜரில் (எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்கு நிரப்பும் சார்ஜர்), டைல்ஸ் தரை மேல், கண்ணெதிரே சார்ஜ் போடுங்கள். இரவு போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. உப்பிய பேட்டரியை இன்னொரு தடவை பயன்படுத்தாதீர்கள். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வெயிலில் வைத்துக்கொண்டு போவதும் வேண்டாம்.

இனி இடம். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் ரேடியோ கன்ட்ரோல் விமானத்துக்கும் பொருந்தும். 25 கிலோவுக்குக் குறைந்து, பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்ணுக்கெட்டிய தூரத்தில் மட்டும் ஓட்டுகிற மாடலுக்கு வகைச் சான்றிதழ் (அந்த வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல்) வேண்டாம். 2 கிலோவுக்குட்பட்டதை வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டாம். ஆனால் இடமும் உயரமும் கட்டுப்பாடு உள்ளவை. பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவையில்லாத வான்பகுதி) 120 மீட்டர் வரை போகலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவில் 60 மீட்டர் வரைதான். 8 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் எதுவும் கூடாது. நம் விமான நிலையம் அவனியாபுரம், பெருங்குடிப் பக்கம் என்பதால் திருப்பரங்குன்றமும் தெற்கு மதுரையும் கணக்கிலேயே வராது, நகரின் பெரும்பகுதியையும் மறந்துவிடலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். பதிவு எண் பற்றிய நடைமுறையையும் அரசுத் தளத்திலேயே பார்த்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா, தலைவர்கள் வருகை என்று தற்காலிகத் தடை போடும் நாட்களில் விமானத்தை வெளியே எடுக்கவே வேண்டாம்.

மேலூர் என்பது உங்களுக்குப் பெரிய அனுகூலம். விமான நிலையத்திலிருந்து நல்ல தள்ளி இருக்கிறீர்கள். பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் ஒருபோகம் முடிந்து, தை மாசியில் அறுவடை ஆன வயல்கள் கிடக்கும். அரிதாள் (அறுத்த பயிரின் அடிக்கட்டை) மேல் விழுந்தால் தெர்மோகோலுக்கு ஒன்றும் ஆகாது. பங்குனிக்கு மேல் வற்றிய கண்மாய்களின் உள்வாய் இன்னும் நல்ல திடல். ஆனால் கரையோரம் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கும். அதற்குள் விழுந்த விமானத்தை எடுக்கப் போனால் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். மரத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஈ.பி. லைன் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி நிற்காதீர்கள், லைன் எங்கே என்று முதலில் பார்த்து, அந்தப் பக்கமே போகாதபடி பறக்கவிடுங்கள். லைனில் மாட்டினால் விமானத்தை விட்டுவிடுங்கள், கம்பு எடுத்துத் தட்டவே கூடாது. கைவிட்ட கிரானைட் குவாரிப் பள்ளங்கள் உங்கள் பக்கம் நிறைய. தண்ணீர் நின்ற பள்ளத்தில் விமானம் விழுந்தால் அதுவும் போனதுதான், இறங்காதீர்கள்.

ஒரு இடத்தை மட்டும் கண்டிப்பாக ஒதுக்கிவிடுங்கள்: அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்தப் பாறைகளில் லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் ராஜாளியும் இருக்கின்றன. கூடு கட்டுகிற பறவைக்கு நம் விமானம் ஒரு எதிரி. வானத்தை அவற்றுக்கு விட்டுக்கொடுப்பது நம் கடமை. மற்ற இடங்களிலும் மயிலோ, கிடை ஆடுகளோ, வேலை பார்க்கிற ஆட்களோ இருந்தால் காத்திருங்கள், இல்லாவிட்டால் இடம் மாறுங்கள். வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'கேமரா எதுவும் இல்லைண்ணே, தெர்மோகோல்தான்' என்று விமானத்தை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினால் பெரும்பாலும் அவரும் நின்று பார்ப்பார். போலீஸ் வரை போகிற விஷயங்கள் பெரும்பாலும் சொல்லாமல் செய்வதால் வருபவை.

காற்றுதான் அடுத்தது. விடிந்து எட்டரை மணி வரைதான் ஆரம்பக்காரரின் நேரம். அதற்கு மேல் தரை சூடேறிக் காற்றுக் குமிழ்கள் கிளம்பும். பருந்துகள் சிறகடிக்காமல் வட்டமடிக்க ஆரம்பித்தால் அதுதான் அடையாளம். பழகிய பிறகு அதே குமிழில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஏறிப் போகலாம், அது இந்தப் பொழுதுபோக்கின் உச்சம் என்பேன். இப்போதைக்கு வேண்டாம். மலைக்கும் பாறைக்கும் காற்றுமறைவான பக்கத்தில் நிற்காதீர்கள், அங்கே காற்று புரண்டுகொண்டு இறங்கும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் 25 கிலோமீட்டரில் பறக்கிற விமானம் முன்னேறவே முடியாமல் பின்னால் போகும். அந்த இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து கட்டுவதற்கான காலம்.

களத்தில் முதல் வேலை மோட்டார் இல்லாமல் சறுக்கிப் பார்ப்பது. காற்றுக்கு எதிரே, அரிதாள் மேல், மட்டமாக, மூக்கு துளி தாழ்ந்தபடி தள்ளிவிடுங்கள். நேராகச் சறுக்கி இறங்கினால் எல்லாம் சரி. மூக்கு தூக்கி, நின்று, விழுந்தால் வால் கனம். குத்துகிறதென்றால் மூக்கு கனம், அல்லது எலிவேட்டர் ஒரு மில்லிமீட்டர் மேலே வேண்டும். இது சரியாகும் வரை மோட்டாரைத் தொடாதீர்கள். ரடர், எலிவேட்டர் எல்லாம் சரியான திசையில் அசைகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்று பாருங்கள். வலது கொடுத்தால் ரடர் வலது. மேலே ஏற ஸ்டிக்கை இழுத்தால் எலிவேட்டர் மேலே.

பறக்கும்போது எறிபவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவராக இருங்கள். எறியும் நேரத்தில் இரண்டு கையும் டிரான்ஸ்மிட்டரில் இருப்பதும் நேரம் சம்பாதிப்பதுதான். முக்கால் த்ராட்டில் கொடுத்து, காற்றுக்கு எதிரே, மேல்நோக்கி அல்லாமல் மட்டமாகத் தள்ளச் சொல்லுங்கள். முப்பது நாற்பது மீட்டர் ஏறும் வரை திருப்பாதீர்கள். உயரம் வந்ததும் பாதி த்ராட்டில். எப்போதும் காற்று வருகிற பக்கமே பறக்கவிடுங்கள். பதறினாலும் காற்று அதை உங்களிடம் கொண்டுவரும், எதிர்ப்பக்கம் விட்டால் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். விமானம் உங்களை நோக்கி வரும்போது வலமும் இடமும் மாறித் தெரியும், எல்லோரும் தடுமாறுகிற இடம் அதுதான். அதற்கு ஒரு வழி: எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். இதைக் கம்ப்யூட்டரில் பழகிக்கொண்டு வருவது உத்தமம். பிக்காசிம் என்ற சிமுலேட்டர் இலவசம். ஒரு கேபிள் வாங்கினால் உங்கள் டிரான்ஸ்மிட்டரையே இணைக்கலாம். தினம் அரை மணி நேரம், இரண்டு வாரம் ஓட்டிவிட்டுக் களத்துக்குப் போங்கள்.

இறக்குவதில் பதற்றம் வேண்டாம். தூரத்திலேயே காற்றுக்கு எதிரே திருப்பி, த்ராட்டிலை முழுக்க இறக்கி, ரடரால் நேராக மட்டும் வைத்திருங்கள். தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது எலிவேட்டரைத் துளி இழுத்தால் போதும். காலடியில் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டே வருவதுதான் மறுபடி ஸ்டால். தள்ளி இறங்கினால் நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம்.

ரெடிமேடு வாங்கலாமா என்று கேட்டீர்கள். முழு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியில் தடை வந்தது, உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே மோட்டாரும் சர்வோவும் எளிதாகக் கிடைக்கும், நல்ல ரெடிமேடு விமானம் விலை ஏறியே கிடைக்கும். விலைக்காக மட்டும் கட்டச் சொல்லவில்லை. விழுந்த விமானத்தை அன்று மாலையே ஒட்டத் தெரிந்தவர்தான் இதில் நிலைக்கிறார். டிரான்ஸ்மிட்டர், சார்ஜர் உட்பட எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. அடுத்து விழுந்து செலவாகப் போவது தெர்மோகோலும் டேப்பும் புரொப்பெல்லரும்தான். புரொப்பெல்லர் மட்டும் நான்கைந்து வாங்கி வையுங்கள், விளிம்பில் கீறல் விட்டதைத் திரும்பப் போடாதீர்கள்.

எடையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். 2003 ஆகஸ்டில் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் கட்டிய ஒரு மாடல் விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. 38 மணி 52 நிமிடம், 3000 கிலோமீட்டருக்கு மேல். பால்சா மரத்தில் கட்டிய அந்த விமானம், எரிபொருளையும் சேர்த்து 5 கிலோவுக்குள்தான் இருந்தது. அப்போது ஹில்லுக்குக் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஒவ்வொரு கிராமையும் கையால் எண்ணிக் கட்டிய மனிதர் அவர். இந்தக் கலையில் நான் மனசார வணங்குகிற ஆள்.

இப்போது மாசி. இந்த மாதக் கடைசிக்குள் இறக்கையும் உடம்பும் முடித்து, அந்த நாட்களிலேயே சிமுலேட்டரும் ஓட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரைக் காலைகள் பறக்கக் கிடைக்கும். ஆடிக் காற்றுக்கு முன்னால் ஒரு பேட்டரி முழுக்க விழாமல் பறந்து, நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் இறக்க வந்துவிட்டால், ஆடியில் எய்லரான் வைத்த நான்கு சேனல் விமானம் கட்ட ஆரம்பிக்கலாம். உங்கள் 2200 கேவி மோட்டாரை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள், அப்புறம் ஒரு வேக விமானத்துக்கு உதவும். பங்குனியில் சறுக்கிப் பார்த்துவிட்டு மொத்த எடை, சிஜி எத்தனை செ.மீ.-ல் நின்றது, எவ்வளவு தூரம் சறுக்கியது என்ற மூன்றையும் எழுதுங்கள், எறிவதற்கு முன் மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்கிறேன்.